மெட்டு ஏறும் கிளாசிக் 350: காசை முதலில் எங்கே போடுவது?

கேள்வி கேட்டவர் கம்பத்துக்காரர். 2022 ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 ஹால்சியன் வைத்திருக்கிறார். இரண்டு பக்கமும் டிஸ்க், இரட்டை ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு), ஸ்போக் சக்கரம், 21,000 கிலோமீட்டர் ஓடிய வண்டி. மாதம் இரண்டு தடவை மனைவியைப் பின்னால் உட்காரவைத்துக் கம்பம்மெட்டு ஏறி நெடுங்கண்டம் போகிறார், இல்லையென்றால் போடிமெட்டு ஏறிப் பூப்பாறை, மூணாறு. கையில் 40,000 ரூபாய் இருக்கிறது. கனத்த சத்தம் தரும் சைலன்சர், 140 அகலப் பின் டயர், எல்இடி பல்பு, விண்ட்ஷீல்டு, பின்னால் ஒரு பெட்டி என்று பட்டியல் போட்டிருக்கிறார். கடைசியில், "இதெல்லாம் வீண் என்றால் வண்டியை விற்றுவிட்டு என்ஃபீல்டு 650 அல்லது ட்ரையம்ஃப் ஸ்பீடு 400 எடுத்துவிடட்டுமா?" என்றும் கேட்கிறார்.

விற்க வேண்டாம். பட்டியலின் வரிசையைத்தான் மாற்ற வேண்டும். பின் ஷாக், டயர், வெளிச்சம், பிரேக் ஆயில், சீட், இந்த வரிசையில் செலவழியுங்கள். சைலன்சரைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிடுங்கள். 140 டயரும் வேண்டாம். காரணங்களைச் சொல்கிறேன். காரணம் தெரிந்தால்தான் பட்டறையில் யாராவது வேறு எதையாவது தலையில் கட்டப் பார்க்கும்போது மறுக்க முடியும்.

உங்கள் வண்டியில் இருப்பது 2020 நவம்பரில் மீட்டியர் மாடலோடு அறிமுகமாகி, 2021 செப்டம்பரில் கிளாசிக்குக்கு வந்த 349 சிசி இன்ஜின். 6,100 சுற்றில் 20.2 குதிரைத்திறன், 4,000 சுற்றில் 27 நியூட்டன் மீட்டர் இழுவை. 72 மி.மீ. போர் (சிலிண்டரின் விட்டம்), 85.8 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்). ஸ்ட்ரோக் இவ்வளவு நீளமாக இருப்பதால்தான் இரண்டாவது கியரில் கொண்டை ஊசி வளைவில் திரும்பி வெளியே வரும்போது ஆக்ஸிலேட்டரை முறுக்காமலேயே வண்டி முணகிக்கொண்டு ஏறுகிறது. பழைய 346 சிசி வண்டியை ஓட்டியவர்கள் "அந்த டுப்பு டுப்பு போச்சே" என்று வருத்தப்படுவார்கள். வருத்தம் நியாயமானது. ஆனால் புதிய இன்ஜினில் அதிர்வைக் குறைக்கும் பேலன்சர் ஷாஃப்ட் இருப்பதால் எண்பதில் போனாலும் கை மரத்துப்போவதில்லை. பின்னால் உட்காருபவருக்கு இது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்பதை அவரிடமே கேட்டுப் பாருங்கள். இந்த இன்ஜினிலிருந்து வேகத்தைக் கறக்கப் பார்ப்பவர்கள் எல்லோரும் கடைசியில் அதன் இழுவையைத்தான் கெடுத்துக்கொள்கிறார்கள்.

ஷாக்கிலிருந்து ஆரம்பிப்போம். கிளாசிக்கின் பின் சக்கரத்துக்கு மேலும் கீழும் 90 மி.மீ. அசைவுதான் உண்டு. முன்பக்கம் 130. அந்த 90-க்குள் இருவரும் சாமானும் அடங்க வேண்டும். நிறைய பேர் ஷாக்கைப் புதிதாக வாங்கிவிட்டு, கம்பெனி ஷாக்கில் இருந்த ஆறு படிகளைத் தொட்டதே இல்லை என்று பிறகு தெரிந்துகொள்கிறார்கள். ஆகவே முதலில் காசே செலவில்லாத வேலையைச் செய்யுங்கள்.

சென்டர் ஸ்டாண்டு போடுங்கள். பின் சக்கரம் தரையைத் தொடாமல் தொங்க வேண்டும். அச்சு நட்டின் நடுவிலிருந்து நேர் மேலே சீட்டுக்குக் கீழே ஒரு இடத்தில் டேப் ஒட்டி, தூரத்தை அளந்து எழுதுங்கள். பிறகு ஸ்டாண்டை எடுத்து, நீங்கள் இருவரும் ஹெல்மெட், பையோடு ஏறி உட்காருங்கள். மூன்றாவது ஆள் வண்டியை நேராகப் பிடிக்கட்டும். சீட்டை ஒரு தடவை நன்றாக அழுத்தி விட்டு, அடங்கியதும் அதே இரண்டு புள்ளிகளுக்கு இடையே மறுபடி அளக்க வேண்டும். இரண்டு அளவுக்கும் உள்ள வித்தியாசம் 27-லிருந்து 30 மி.மீ. இருந்தால் சரி, அதாவது மொத்த அசைவில் மூன்றில் ஒரு பங்கு. 40-க்கு மேல் என்றால் ஸ்பிரிங் பாதி வழி ஏற்கெனவே அமுங்கிவிட்டது, ஒவ்வொரு குழிக்கும் முட்டும். டூல் கிட்டில் வரும் கொக்கி ஸ்பேனரால் ஒரு படி ஏற்றி மறுபடி அளந்து பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே படியில் இருக்க வேண்டும். இதை மறந்து ஒரு பக்கம் மூன்றாவது படியிலும் மறுபக்கம் ஐந்தாவதிலும் ஓட்டிக்கொண்டு, "வண்டி இடது பக்கம் இழுக்கிறது" என்று வீல் அலைன்மென்ட்டுக்குப் போகிறவர்கள் உண்டு.

ஆறாவது படியிலும் 35 மி.மீ.-க்கு மேல் இறங்கினால் ஸ்பிரிங் உங்கள் எடைக்குப் போதாது. இன்னொரு சோதனை: சீட்டின் பின்பகுதியை அழுத்தி விட்டால் வண்டி ஒரே தடவை எழும்பி நிற்க வேண்டும். இரண்டு, மூன்று தடவை ஊஞ்சலாடினால், அல்லது ஷாக் தண்டில் எண்ணெய் ஈரம் தெரிந்தால், உள்ளே ஆட்டத்தை அடக்கும் டேம்பர் முடிந்தது. 21,000 கிலோமீட்டரில், அதுவும் இருவரோடு மெட்டுச் சாலையில் ஓடிய வண்டியில், இது ஆச்சரியம் இல்லை. இந்த இடத்தில்தான் உங்கள் காசில் பெரிய பங்கு போக வேண்டும். கேஸ் நிரப்பிய, ஸ்பிரிங் பலத்தை உங்கள் இருவர் எடைக்குத் தேர்ந்தெடுத்த ஷாக் வாங்குங்கள். வாங்கும்போது ஒன்றைத் தவறாமல் பாருங்கள்: மேல் கண்ணுக்கும் கீழ்க் கண்ணுக்கும் நடுவே உள்ள நீளம் பழையதோடு சமமாக இருக்க வேண்டும். உயரமாகத் தெரிய வேண்டும் என்று நீளமான ஷாக் போட்டால், பின்பக்கம் தூக்கி முன் போர்க் (முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஷாக் கால்கள்) நிமிர்ந்துவிடும். நேர் சாலையில் ஹேண்டில் துடிக்கும், செயின் தளர்ச்சியும் மாறும், சைடு ஸ்டாண்டு போட்டால் வண்டி அதிகம் சாயும்.

முன் போர்க்குக்கு இப்போது செலவு வேண்டாம். போர்க் ஆயிலை மட்டும் மாற்றிவிடுங்கள். ஆயில் சீலுக்கு மேலே படியும் சிவப்பு மண் தூசியை ஒவ்வொரு மழைப் பயணத்துக்குப் பிறகும் ஈரத்துணியால் துடைத்தாலே சீல் பல வருஷம் தாங்கும்.

அடுத்தது டயர். உங்கள் வண்டிக்கு முன்னால் 100/90-19, பின்னால் 120/80-18. 140 போட்டால் பார்க்க நிறைவாக இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் 120-க்காகச் செய்த ரிம்மில் 140-ஐத் திணித்தால் டயரின் இரண்டு ஓரமும் உள்ளே இழுபட்டு, நடு மேடு கூர்மையாகிவிடும். நேராகப் போகும்போது சாலையைத் தொடும் பரப்பு குறையுமே தவிர அதிகமாகாது. வளைவில் சாய்க்கவும் முரண்டு பிடிக்கும். போடிமெட்டில் ஒரு கொண்டை ஊசி முடிந்ததும் அடுத்தது வந்துவிடும், இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு வண்டியைப் புரட்டிக்கொண்டே இருக்க வேண்டிய பாதை அது. அங்கே அகல டயர் தோள்பட்டையை வலிக்கவைக்கும். செயின் கார்டு உரசுவதும், மட்கார்டின் உள்ளே சேறு அடைப்பதும் இதோடு கூடவே வரும். 130/80 போடுகிறவர்களும் உண்டு. அதில் டயரின் மொத்த விட்டம் 649-லிருந்து 665 மி.மீ.-க்கு ஏறும், அதாவது இரண்டரை சதவீதம். ஏற்றத்தில் இழுவை அந்த அளவுக்குக் குறையும். எனக்கு அதுவும் தேவையில்லை என்றுதான் படுகிறது.

அதே அளவில், மழைக்கு ஏற்ற பூவும் (டயரின் மேல் உள்ள பள்ள வடிவம்) மென்மையான ரப்பரும் உள்ள நல்ல டயர் ஒரு ஜோடி போடுங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2325 என்றால் 2025-ம் வருஷம் 23-வது வாரம் செய்தது. கடையில் இரண்டு வருஷத்துக்கு மேல் கிடந்த டயரை வாங்க வேண்டாம். ரப்பர் இறுகிப்போயிருக்கும், ஏலத்தோட்டப் பகுதியில் சாரல் விழுந்த தார் ரோட்டில் அது கண்ணாடி மாதிரி வழுக்கும். பூவின் ஆழம் 2 மி.மீ.-க்கு இறங்கிவிட்டால் ஜூன் பிறக்கும் முன் மாற்றிவிடுங்கள். புது டயரில் முதல் 150 கிலோமீட்டர் சாய்த்து ஓட்டக் கூடாது, தயாரிப்பு அச்சிலிருந்து ஒட்டி வந்த எண்ணெய்ப் பூச்சு தேய்ந்து போகும் வரை பிடிப்பு வராது.

காற்றைக் காலையில், டயர் சூடாவதற்கு முன் பாருங்கள். மேனுவலில் ஒரு ஆளுக்கு ஒரு அளவு, இருவருக்கு ஒரு அளவு என்று தனித்தனியாக இருக்கும். இருவருக்கான அளவை வைத்துக்கொள்ளுங்கள். கம்பத்திலிருந்து கிளம்பும்போது பங்க்கில் "எல்லோருக்கும் போடுவதுதான்" என்று ஒரே அளவு அடிப்பதை விட, 500 ரூபாய்க்குள் ஒரு கைக் கேஜ் வாங்கி டேங்க் பையில் போட்டுக்கொள்வது நல்லது.

ஸ்போக் சக்கரம் என்பதால் உள்ளே ட்யூப் இருக்கிறது. பஞ்சரானால் ட்யூப் டயரில் காற்று சட்டென்று இறங்கிவிடும். ட்யூப்லெஸ் என்றால் ஆணி அங்கேயே அடைத்துக்கொண்டு இருக்கும், பட்டறை வரை மெதுவாகப் போய்விடலாம். போடிமெட்டில் சாயங்காலம் ஆறு மணிக்குப் பனி இறங்கிய பிறகு பின் சக்கரம் உட்கார்ந்தால் என்ன செய்வீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். இதற்கு மூன்று வழி இருக்கிறது. ஒன்று, 18-க்கும் 19-க்கும் ஒவ்வொரு ட்யூப், மூன்று டயர் லிவர், அச்சு நட்டுக்கான ஸ்பேனர், சைக்கிள் பம்பு அல்லது பேட்டரியில் ஓடும் சின்ன கம்ப்ரஸர் எல்லாவற்றையும் கையோடு வைத்திருப்பது. ஆனால் வீட்டு வாசலில் ஒரு தடவையாவது பின் சக்கரத்தைக் கழற்றி மாட்டிப் பழகியிருக்க வேண்டும். முதல் தடவை ரோட்டோரத்தில் பழகக் கூடாது. லிவரால் ட்யூபை நறுக்கிவிடுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. புது ட்யூபில் உருண்டை வடிவம் வரும் அளவுக்குக் கொஞ்சம் காற்று அடித்துவிட்டு உள்ளே போட்டால் லிவர் கடிக்காது.

இரண்டாவது வழி, இதே கிளாசிக்கின் அலாய் மாடலுக்கு வரும் கம்பெனி அலாயும் ட்யூப்லெஸ் டயரும். மாட்டும்போது ஏபிஎஸ் வளையம், பேரிங் ஸ்பேசர், டிஸ்க் போல்ட் தளராமல் இருக்கப் பூசும் நூல் பசை ஆகியவற்றைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். சென்சாருக்கும் வளையத்துக்கும் இடைவெளி மாறினால் மீட்டரில் ஏபிஎஸ் விளக்கு அணையாது. மூன்றாவது வழி, இருக்கிற ஸ்போக் ரிம்மின் உள்ளே டேப், சீலன்ட் போட்டு ட்யூப்லெஸ் ஆக்குவது. இது வேண்டாம். ட்யூப்லெஸ் ரிம்மில் டயரின் ஓரத்தைப் பிடித்து வைக்க ஒரு மேடு இருக்கும், ட்யூப் ரிம்மில் அது இல்லாமலும் இருக்கலாம். காற்று குறைந்து வளைவில் சாயும்போது டயர் ஓரம் உள்ளே நழுவினால் மொத்தக் காற்றும் ஒரே நொடியில் போய்விடும்.

வெளிச்சத்தில்தான் அதிக பேர் ஏமாறுகிறார்கள். உங்கள் 2022 வண்டியில் இருப்பது எச்4 ஹாலோஜன், 60/55 வாட். 2024 செப்டம்பருக்குப் பிறகு வந்த கிளாசிக்கில் கம்பெனியே எல்இடி முகப்பு போட்டுத் தருகிறது. அதில் லென்ஸும் ரிஃப்ளெக்டரும் எல்இடிக்காகவே செய்தவை. உங்கள் ரிஃப்ளெக்டர் அப்படி அல்ல. ஹாலோஜன் பல்பில் லோ பீம் இழைக்குக் கீழே ஒரு சின்னத் தகடு இருக்கும். அது வெளிச்சத்தை ரிஃப்ளெக்டரின் மேல் பாதிக்கு மட்டும் அனுப்பும், அதனால்தான் எதிரே வருபவர் கண்ணில் அடிக்காத நேர்க்கோடு கிடைக்கிறது. கடையில் விற்கும் எல்இடி பல்பில் சில்லு இரண்டு பக்கமும் ஒட்டியிருக்கும், இழை இருக்க வேண்டிய அதே புள்ளியில் அது உட்காராது. வெளிச்சம் நாலா பக்கமும் சிதறும். சுவரில் அடித்துப் பார்த்தால் வெள்ளையாகப் பிரமாதமாகத் தெரியும். மூடுபனியில் அந்தச் சிதறல் அப்படியே உங்கள் கண்ணுக்குத் திரும்பி வரும், முன்னால் வெள்ளைச் சுவர் எழுப்பியது போல இருக்கும். எதிரே தோட்டத்து ஆட்களை ஏற்றிக்கொண்டு இறங்கும் ஜீப்காரருக்கும் கண் கூசும். அந்த ஜீப்பில் இருப்பவர்கள் உயிரையும் நினைத்துப் பாருங்கள்.

பல்பை மாற்றும் முன் வோல்டேஜைப் பாருங்கள். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது மல்டிமீட்டரால் பேட்டரியில் ஒரு தடவை, பல்பின் பின் கனெக்டரில் ஒரு தடவை அளக்க வேண்டும். பேட்டரியில் 14 வோல்ட், பல்பில் 12.6 என்றால் பத்து சதவீதம் வழியில் தொலைகிறது. இழை பல்பின் வெளிச்சம் வோல்டேஜின் ஏறத்தாழ 3.4 அடுக்கில் மாறும். ஆகவே பத்து சதவீத வோல்டேஜ் போனால் வெளிச்சம் முப்பது சதவீதம் போய்விடும். அப்படி இருந்தால் ரெடிமேட் எச்4 ரிலே ஹார்னஸ் (பேட்டரியிலிருந்து பல்புக்கு நேரடியாக மின்சாரம் விடும் சுவிட்சும் வயரும்) ஒன்று போட்டாலே பழைய பல்பு புதுப் பல்பு மாதிரி எரியும். 100/90 வாட் பல்பு போடவே கூடாது. ஹோல்டர் உருகும், ரிஃப்ளெக்டரின் பூச்சு கருகும்.

பிறகு முகப்பை நிமிர்த்தும் வேலை. சுவரிலிருந்து 7.5 மீட்டர் தள்ளி, சம தரையில் வண்டியை நிறுத்தி, இருவரும் ஏறி உட்கார்ந்து லோ பீம் போடுங்கள். தரையிலிருந்து முகப்பு நடு எவ்வளவு உயரமோ, சுவரில் வெளிச்சத்தின் மேல் விளிம்பு அதைவிட ஏழு சென்டிமீட்டர் கீழே இருக்க வேண்டும். தனியாக உட்கார்ந்து சரி செய்துவிட்டு இருவராகப் போனால் பின்பக்கம் அமுங்கி வெளிச்சம் மரத்தின் உச்சிக்குப் போய்விடும். ஷாக்கை முதலில் சரிசெய்யச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

பனிக்குத் தனியாக மஞ்சள் ஃபாக் லைட் ஒரு ஜோடி, தலா 20 வாட், லெக் கார்டில் முடிந்தவரை கீழே மாட்டுங்கள். மேலே மாட்டினால் அதுவும் பனியில் வெள்ளைச் சுவர்தான் எழுப்பும். 40 வாட்டுக்கு 12 வோல்ட்டில் மூன்றரை ஆம்பியர்கூடப் போகாது. வயரிங் இப்படி: பேட்டரி பிளஸ்ஸிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 10 ஆம்பியர் ஃப்யூஸ், அங்கிருந்து ரிலேயின் 30-ம் எண் முனை. 87-லிருந்து விளக்குகளுக்கு. 86-க்கு பார்க்கிங் லைட் வயரிலிருந்து சுவிட்ச் வழியாக. 85 பூமிக்கு, அதாவது பேட்டரி மைனஸுக்கு. வயர் ஒரு சதுர மி.மீ.-க்குக் குறையக் கூடாது. பார்க்கிங் லைட்டிலிருந்து எடுப்பதால் சாவியை அணைத்தால் ஃபாக் லைட்டும் அணையும். வண்டி பேட்டரி 8 ஆம்பியர் மணிதான், கிக்கரும் கிடையாது. இரவு முழுவதும் விளக்கு எரிந்தால் காலையில் தள்ளித்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். ஹார்னஸைத் துளைத்து ஊசி குத்தும் நீலக் கிளிப் மாட்டும் பட்டறையிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். ஆறு மாதத்தில் அந்தத் துளை வழியாகத் தண்ணீர் போய்ச் செம்பு பச்சையாகிவிடும், எங்கே கோளாறு என்று கண்டுபிடிக்கவே ஒரு நாள் ஆகும்.

பிரேக்கில் பெரிய மாற்றம் வேண்டாம். 300 மி.மீ. முன் டிஸ்க் இந்த வண்டிக்குப் போதும். ஆனால் போடிமெட்டிலிருந்து போடிக்கு இறங்குவது ஏறக்குறைய 1,000 மீட்டர் உயரம். வண்டி 195 கிலோ, நீங்கள் இருவரும் சாமானும் சேர்ந்து இன்னொரு 145 என்று வைத்தால் 340 கிலோவை அவ்வளவு உயரம் இறக்குகிறீர்கள். அந்தச் சக்தி முழுவதும் சூடானால் பச்சைத் தண்ணீர் பத்து லிட்டரைக் கொதிக்க வைத்துவிடும். காற்றும் இன்ஜினும் ஒரு பங்கை எடுத்துக்கொண்டால் மீதி டிஸ்க்குக்குத்தான். காலைப் பின் பிரேக்கிலேயே வைத்துக்கொண்டு இறங்கினால் பேட் மெருகேறிப் பளபளத்துப் பிடிப்பு போகும், ஆயில் கொதித்துக் குமிழி வரும், பெடல் உள்ளே போய்விடும். டாட் 4 தரத்துப் புதுப் பிரேக் ஆயிலுக்குக் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி இருக்க வேண்டும். ஈரம் இழுத்த ஆயிலுக்கு அது 155 வரை இறங்கலாம். இடுக்கிப் பக்கத்து மழையில் ஓடும் வண்டிக்கு இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஆயில் மாற்றுவது கட்டாயம். உங்கள் வண்டிக்கு இது ஏற்கெனவே தாண்டியிருக்கும். ஏபிஎஸ் மாடுலேட்டருக்குள் காற்று தங்கிவிடும் என்பதால் இதை சர்வீஸ் சென்டரில் செய்வது நல்லது. இரண்டாவது கியரில் இன்ஜின் பிடித்துக்கொண்டு இறங்க, பிரேக்கை வளைவுக்கு முன் அழுத்தி விடுங்கள், உரசிக்கொண்டே இருக்காதீர்கள். புதுப் பேட் போட்டால் 50-லிருந்து 10-க்கு, முழுக்க நிறுத்தாமல், இருபது தடவை மெதுவாகப் பிடித்துப் பழக்க வேண்டும். ஸ்டீல் வலை போட்ட ஹோஸ் போட்டால் லீவர் இறுக்கமாக இருக்கும், நிற்கும் தூரம் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி குறையாது.

இப்போது சைலன்சர். உங்கள் வண்டியில் சைலன்சர் பாதையில் ஆக்ஸிஜன் சென்சார் இருக்கிறது. திறந்த சைலன்சர் போட்டால் காற்று அதிகம் போகும். லேசாக முறுக்கும்போது சென்சாரைப் பார்த்து இசியூ (இன்ஜினை நடத்தும் சின்னக் கணினி) பெட்ரோலைச் சரிசெய்யும், ஆனால் ஏற்றத்தில் முழுக்க முறுக்கும்போது அது பார்க்காமல் பழைய கணக்கில்தான் ஊற்றும். கலவை வறண்டு, இன்ஜின் சூடாகும். ஆக்ஸிலேட்டரை விட்டால் பட் பட் என்று வெடிக்கும். பலருக்கு அது பிடித்திருக்கிறது, ஆனால் பாதி வண்டிகளில் அது இணைப்பு கேஸ்கட் சரியாக உட்காராமல் வெளிக்காற்று உள்ளே போவதால் வருவது. 20 குதிரைத்திறன் இன்ஜினில் கூடுவது ஒன்றுமில்லை, கீழ் சுற்றில் இழுவைதான் குறையும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், கேரள எல்லையைத் தாண்டுகிறீர்கள் என்பதால். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, வண்டியைக் கம்பெனி கொடுத்த அடிப்படை அமைப்பிலிருந்து மாற்றக் கூடாது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை அழுத்திச் சொன்னது. 182ஏ(4) பிரிவில் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை. சத்தத்துக்கு 190(2) பிரிவில் முதல் தடவையே 10,000 வரை போகலாம், லைசென்ஸும் மூன்று மாதம் முடங்கலாம். கேரள மோட்டார் வாகனத் துறை இதில் கறார். 2023 ஜூனிலிருந்து அங்கே கேமரா வழியாகவும் அபராதம் போடுகிறார்கள். பின்னால் இருப்பவர் ஹெல்மெட் போடாவிட்டாலும் தமிழ்நாட்டு எண்ணுக்கும் செலான் வரும். இன்னொன்று: அழகுக்காகச் சேலை கார்டைக் கழற்றுகிறவர்கள் உண்டு. பின் சக்கரத்தில் பாதியாவது மூடும் காப்பும், பின்னால் இருப்பவருக்குக் கைப்பிடியும் மத்திய விதி 123-ன்படி இருந்தே ஆக வேண்டும். உங்கள் மனைவி சேலையோ துப்பட்டாவோ கட்டி வரும் நாளில் அதுதான் உயிரைக் காப்பது.

முன் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல்லைக் குறைக்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். மெட்டில் இரண்டாவது கியர் இன்னும் லேசாக இழுக்கும், உண்மைதான். ஆனால் கூடலூர், சின்னமனூர், தேனி என்று சமவெளியில் ஓடும்போது அதே வேகத்துக்கு இன்ஜின் அதிகம் சுற்றும், செயின் சின்ன வளையத்தில் மடங்குவதால் சீக்கிரம் தேயும். வேண்டாம். செயினைச் சுத்தமாக வைத்தாலே போதும். 500 கிலோமீட்டருக்கு ஒரு தடவை, மழையில் ஓட்டினால் அன்றைக்கே, மண்ணெண்ணெயில் துடைத்து, காய்ந்ததும் உள் பக்கத்தில் செயின் லூப் (எண்ணெய் ஸ்ப்ரே) அடியுங்கள். தளர்ச்சியை ஒரே இடத்தில் அளக்காமல் சக்கரத்தை உருட்டி நாலு இடத்தில் அளக்க வேண்டும். மிக இறுக்கமான இடத்தைக் கணக்கில் வைத்துத்தான் சரிசெய்ய வேண்டும்.

சீட்டுக்கு ஜெல் பேடு வாங்குவதை விட, கொஞ்சம் கனமான ஃபோம் வைத்து அகலமாக்கித் தைத்து வாங்குவது மேல். வெயிலில் நிற்கும் ஜெல் தோசைக்கல் மாதிரி சுடும். ஃபோம் முதலில் இறுக்கமாகத் தெரிய வேண்டும். உட்கார்ந்ததும் மெத்தென்று இறங்கும் சீட்டு ஒரு மணி நேரத்தில் அடிப்பலகையைக் காட்டிவிடும்.

விண்ட்ஷீல்டை ஆடிக் காற்று முடியும் வரை மாட்டாதீர்கள். கம்பம் கணவாய் தமிழ்நாட்டின் காற்றாலைக் கணவாய்களில் ஒன்று என்பது உங்களுக்கே தெரியும். ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை பக்கவாட்டில் அறையும் காற்றுக்கு அந்தக் கண்ணாடி படகின் பாய்மரப் பாய் மாதிரி, ஹேண்டிலோடு சேர்த்துத் தள்ளும். பின்னால் உயரமாகப் பெட்டி வைத்தாலும் அதே கதை, கூடவே பின் அச்சுக்கு அப்பால் தொங்கும் எடை முன் சக்கரத்தைத் தூக்கும். ஐந்து கிலோவுக்கு மேல் அதில் போட வேண்டாம். கனமான சாமானை இரண்டு பக்கப் பைகளில், அச்சுக்கு முன்னால் தள்ளி வையுங்கள்.

வண்டியை மாற்றுவது பற்றி. இன்டர்செப்டர் 650 அருமையான இன்ஜின். 47 குதிரைத்திறன், 52 நியூட்டன் மீட்டர், ஸ்லிப் கிளட்ச் (கியரைக் குறைக்கும்போது பின் சக்கரம் உதறாமல் காப்பது) எல்லாம் உண்டு. ஆனால் அதை வைத்திருப்பவர்களே முதலில் மாற்றுவது பின் ஷாக்கையும் சீட்டையும்தான், அதனால் உங்கள் செலவு அங்கேயும் தொடரும். 2025-ல் வந்த கிளாசிக் 650 எடை 243 கிலோ. எதிரே ஜீப் வந்து, கொண்டை ஊசியின் நடுவில், சாய்வில், இருவரோடு நிற்க வேண்டி வந்தால் அந்த 48 கிலோ வித்தியாசத்தை இடது கால் சொல்லும். ஸ்பீடு 400-ல் 40 குதிரைத்திறன் இருக்கிறது, வேகமான, கூர்மையான வண்டி. ஆனால் அதன் உச்ச இழுவை 6,500 சுற்றில்தான் வருகிறது. மெட்டில் கியரை அதிகம் மாற்ற வேண்டியிருக்கும், தனியாக ஓட்டுபவருக்கு அது சந்தோஷம். பின்னால் இருப்பவருக்கு இடம் கிளாசிக் அளவுக்கு இல்லை. மெட்டுக்கு என்றே கேட்டால் நான் சொல்வது ஹோண்டா ஹைனெஸ் சிபி350. 3,000 சுற்றிலேயே 30 நியூட்டன் மீட்டர், 181 கிலோ, ஸ்லிப் கிளட்ச், ஈர ரோட்டில் பின் சக்கரம் சுழலாமல் பிடிக்கும் டிராக்‌ஷன் கன்ட்ரோல். இருந்தாலும் அதை ஹோண்டாவின் பெரிய வண்டிகளுக்கான பிக்விங் கடைகளில்தான் விற்கிறார்கள். நெடுங்கண்டத்தில் ஒரு கேபிள் அறுந்தால் புல்லட்டுக்குக் கிடைக்கும் அளவுக்கு அதற்குச் சாமான் கிடைக்காது. புது வண்டி வாங்குபவரிடம் சொல்ல வேண்டிய விஷயம் இது. 21,000 ஓடிய நல்ல கிளாசிக்கை விற்றுவிட்டு வாங்கும் அளவுக்கு வித்தியாசம் இல்லை.

உங்கள் உறவுக்காரர் யாராவது இதே மாடலைப் பழையதாக வாங்கப் போகிறார் என்றால் ஒரு எச்சரிக்கை. 2021 செப்டம்பர் 1 முதல் டிசம்பர் 5 வரை செய்த, பின் டிரம் பிரேக் உள்ள ஒற்றை ஏபிஎஸ் கிளாசிக்குகளில், ஸ்விங் ஆர்மில் இருக்கும் பிரேக் தாங்கியைச் சரிசெய்யக் கம்பெனி 26,300 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. சேஸிஸ் எண்ணைச் சர்வீஸ் சென்டரில் கொடுத்தால் அந்த வேலை முடிந்ததா என்று சொல்லிவிடுவார்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாட்டிக்கொண்டு மூணாறுக்குக் கிளம்பாதீர்கள். ஷாக், டயர் முதல் வாரம். லோயர் கேம்ப் வரை ஓட்டி, குமுளி ஏறி இறங்கி வாருங்கள். 100 கிலோமீட்டர் ஆனதும் ஷாக்கின் நான்கு போல்ட், அச்சு நட்டு, லெக் கார்டு போல்ட் எல்லாவற்றையும் டார்க் ரெஞ்சால் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) மேனுவலில் உள்ள அளவுக்கு மறுபடி இறுக்கி, ஒவ்வொரு நட்டின் மேலும் பக்கத்து இரும்பின் மேலும் சேர்த்து வெள்ளைப் பெயின்ட்டில் ஒரு கோடு போடுங்கள். அடுத்த தடவை கோடு விலகியிருந்தால் நட்டு நகர்ந்திருக்கிறது என்று சாவி போடும் முன்பே கண்ணில் படும். வெளிச்சமும் பிரேக் ஆயிலும் இரண்டாவது வாரம். சீட்டைக் கடைசியாகத் தைக்கக் கொடுங்கள். புது ஷாக் போட்ட பிறகு பழைய சீட்டே போதும் என்று உங்கள் மனைவி சொல்லவும் வாய்ப்பு உண்டு.